அபூர்வ நோய் என்று சொல்லித் தப்பிக்கலாமா?

நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். "மூளையில் அபூர்வ ரத்தக்குழாய்க் கட்டி! எட்டு மணி நேரம் போராடி டாக்டர்கள் சாதனை!" கூடவே ஒரு படம். நடுவில் தலையில் கட்டுப் போட்ட நோயாளி, சுற்றிலும் வெள்ளைக் கோட்டுகள், ஒருவர் கையில் பூங்கொத்து. கட்டி எத்தனை சென்டிமீட்டர், எத்தனை மணி நேரம் ஆபரேஷன், தனியாரில் செய்திருந்தால் எத்தனை லட்சம்... எல்லாம் இருக்கும்.

இல்லாத விவரங்கள் இரண்டு. அந்த நோயாளி எத்தனை வருடம் தலைவலி மாத்திரை தின்றார்? அவருடைய அண்ணன், தங்கை, பிள்ளைகளை யாராவது பரிசோதித்தார்களா?

முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் 'சாதனை' என்ற தலைப்பைப் போடக் கை கூசும். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால், சில வருடம் கழித்து அதே குடும்பத்திலிருந்து இன்னொருவர் தலையில் கட்டோடு அதே பக்கத்தில் வருவார். 'அபூர்வம்' என்பது மருத்துவத்தில் ஒரு எண்ணிக்கையைச் சொல்லும் சொல். சேலம், நாமக்கல் சீமையில் அது ஒரு சாக்காகிவிட்டது.

அது என்ன ரத்தக்குழாய்க் கட்டி?

மூளையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை மூளைச் செல்களிலிருந்தோ மூளையைப் போர்த்திய உறையிலிருந்தோ கிளம்புபவை. வேறு உறுப்பில் வந்த புற்றுநோய் பரவி வருவதும் உண்டு. இவை தவிர, ரத்தக்குழாய்களோடு பின்னிப் பிணைந்து வளரும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. அதில் முக்கியமானது ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா. வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது. மண்டையோட்டுக்குள் வரும் கட்டிகளில் இது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டரை வரைதான். பெரும்பாலும் பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையில் வரும். தண்டுவடத்திலும் வரும்.

இது புற்றுநோய் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் தரவரிசையில் முதல் தரம், அதாவது மிகச் சாதுவான வகை. பல சமயம் கட்டி ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். ஆனால் அது தன்னைச் சுற்றி ஒரு பெரிய நீர்ப்பையை உண்டாக்கிக்கொள்ளும். மண்டையோட்டின் பின்பக்கம் இருக்கும் சின்ன அறையில் அந்த நீர்ப்பை வீங்கினால் மூளைத்தண்டு நசுங்கும், மூளைநீர் ஓடும் பாதை அடைபடும். சாதுவான கட்டி ஆளைக் கொல்வது இப்படித்தான். முழுதாக எடுத்துவிட்டால், பரம்பரையாக வராதவருக்கு அத்தோடு பெரும்பாலும் கதை முடிந்தது. அவர் வீடு திரும்பி வேலைக்குப் போகலாம்.

கவனிக்க வேண்டியது இதைத்தான். குணமாகக்கூடிய நோயில் ஒருவர் கண் போயோ நடை போயோ உயிர் போயோ முடிந்தால், அங்கே விதியின் மேல் பழி போட இடமில்லை.

காலையிலேயே போட்டுட்டியா?

ஒரு லாரி டிரைவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு வடநாடு போய் மாதக்கணக்கில் ஊர் திரும்பாதவராகவும் இருக்கலாம். நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிப் போகிறவராகவும் இருக்கலாம். வயது முப்பத்தைந்து. காலையில் எழுந்ததும் பிடரியில் வலி. வாந்தி வந்தால் வலி கொஞ்சம் தணிகிறது. "பித்தம்" என்று வீட்டில் இஞ்சிச்சாறு கொடுக்கிறார்கள். இரண்டு மாதத்தில் நடை தள்ளாடுகிறது. டீக்கடையில், "ஏம்ப்பா, காலையிலேயே போட்டுட்டியா?" என்று சிரிக்கிறார்கள். லாரி முதலாளி வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்கிறார். மனைவி சத்தியம் வாங்குகிறாள். குடிக்காத மனுஷன் குடிகாரன் ஆகிவிட்டான்!

சிறுமூளை என்பது உடம்பின் சமநிலையைக் காக்கும் பகுதி. அது நசுங்கினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், கை குறி தவறும். குடிபோதையிலும் சிறுமூளைதான் தடுமாறுகிறது என்பதால் வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் போதை மறுநாள் தெளியும், கட்டி தெளியாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள ஸ்கேன் மெஷின் வேண்டாம். குதிகாலும் பெருவிரலும் தொடும்படி ஒரே கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்ல வேண்டும். தன் மூக்கையும் டாக்டரின் விரலையும் மாறி மாறித் தொடச் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் ஆப்தால்மாஸ்கோப் வைத்து நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை. முதலில் மெடிக்கல் ஷாப், அப்புறம் ஊசி போடும் டாக்டர், அப்புறம் சைனஸ் என்று ஒரு மாத்திரை, ஒற்றைத் தலைவலி என்று இன்னொரு மாத்திரை. நோயாளியை யாரும் நடக்க வைத்துப் பார்ப்பதில்லை. சேரில் உட்கார்ந்தே வருகிறார், சேரில் உட்கார்ந்தே சீட்டு வாங்கிப் போகிறார்.

இன்னொரு வேடிக்கை உண்டு. இந்தக் கட்டி சில பேருக்கு எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி ஏறும். ரத்தசோகை மலிந்த ஊரில் ஹீமோகுளோபின் பதினெட்டு என்று ரிப்போர்ட் வந்தால், "நல்ல ரத்தம், ஒண்ணும் பயமில்லை" என்று முதுகில் தட்டி அனுப்புவார்கள். தலைவலி, தள்ளாட்டம், கூடிப்போன ஹீமோகுளோபின்... மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் மணி அடிக்க வேண்டும். மாறாகப் பாராட்டு கிடைக்கிறது!

ஸ்கேன் எடுத்தால் போதுமா?

"இப்போதுதான் ஊருக்கு ஊர் ஸ்கேன் சென்டர் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. மெஷின் இருப்பதும் நோய் தெரிவதும் ஒன்றல்ல.

சி.டி. ஸ்கேன் அடிபட்ட தலையில் ரத்தக்கசிவைப் பார்க்க அருமையானது. ஆனால் பின்மண்டை எலும்பு தடிமனானது, அதன் நிழல் விழுந்து சிறுமூளைப் படம் மங்கிவிடும். அதுவும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுத்தால் நீர்ப்பை மட்டும் தெரியும். பட்டாணி அளவுக் கட்டி தெரியாமலே போகலாம். "ஏதோ நீர்க்கட்டி" என்று ரிப்போர்ட் எழுதப்படும். கான்ட்ராஸ்ட் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால் நீர்ப்பையின் சுவரில் அந்தக் கட்டி விளக்கு போட்டதுபோல் தெரியும். செலவுக்குப் பயந்து கான்ட்ராஸ்ட் வேண்டாம் என்று நோயாளி சொன்னாலும், அது ஏன் வேண்டும் என்று விளக்குவது சீட்டு எழுதியவரின் கடமை.

அடுத்தது, தவறான பெயர் சூட்டல். கேவர்னோமா என்று ஒன்று இருக்கிறது. கறாராகச் சொன்னால் அது கட்டி அல்ல, மெல்லிய சுவருள்ள ரத்தக்குழாய்கள் கொத்தாகத் திரண்டு நிற்பது. ஆயிரத்தில் நான்கைந்து பேருக்கு இருக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பெரும்பாலானவர்கள் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். சிலருக்கு வலிப்பு வரும், சிலருக்குக் கசியும். ஆஞ்சியோகிராமில் இது தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் ரத்தக் கறையைக் காட்டும் தனி வரிசை ஒன்றை எடுத்தால் பளிச்சென்று தெரியும். வெறும் சி.டி.யில் சுண்ணாம்பு படிந்த ஒரு புள்ளியாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் வலிப்பு வந்த ஒருவருக்கு மூளையில் புள்ளி தெரிந்தால் முதலில் நினைவுக்கு வருவது இரண்டு: நாடாப்புழுவின் முட்டையால் வரும் புழுக்கட்டி, காசநோய்க் கட்டி. இரண்டும் இங்கே அதிகம் என்பதால் அப்படி நினைப்பதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், நினைத்ததோடு நின்றுவிடுவதில். மேற்கொண்டு பார்க்காமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுப்பது, ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்த பிறகு யோசிப்பது... இதற்குப் பெயர் சிகிச்சையா?

மூன்றாவது ஒன்று, இன்னும் அபூர்வமானது, இன்னும் பொல்லாதது. முன்பு ஹீமாஞ்சியோபெரிசைட்டோமா என்றார்கள். 2013-இல் இதன் மரபணுக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் பெயரை இணைத்தது. 2021-இல் பழைய பெயரையே எடுத்துவிட்டு, சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் என்று மட்டும் வைத்தது. ஸ்கேனில் இது மூளை உறைக் கட்டியான மெனிஞ்சியோமா போலவே இருக்கும். மெனிஞ்சியோமா என்று நினைத்து எடுத்து, "எல்லாம் போய்விட்டது, நிம்மதியாக இருங்கள்" என்று அனுப்பினால், பத்து வருடம் கழித்துக்கூட எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ வந்து நிற்கும். எடுத்த சதையை ஸ்டாட்-6 என்ற சாயப் பரிசோதனைக்கு அனுப்பினால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். சந்தேகப்பட ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

கத்தி எடுப்பதற்கு முன்

ஹீமாஞ்சியோபிளாஸ்டோமாவைப் பொறுத்தவரை பாதி ஆபரேஷன் முழு ஆபத்து. நீர்ப்பையை மட்டும் உறிஞ்சி எடுத்தால் தலைவலி மாயமாகும். நோயாளி கும்பிட்டுவிட்டுப் போவார். கட்டி உள்ளேயே இருப்பதால் நீர் மறுபடி ஊறும். மாறாக, கட்டியைக் கிள்ளிப் பயாப்சிக்கு அனுப்பப் பார்த்தால் ரத்தம் பீறிடும். கட்டி முழுக்க ரத்தக்குழாய்தானே! சரியான முறை இதுதான்: கட்டியின் உள்ளே நுழையாமல், உள்ளே வரும் தமனிகளை முதலில் அடைத்து, வெளியேறும் சிரையைக் கடைசியில் அடைத்து, முழுதாகக் கழற்றி எடுப்பது. நீர்ப்பையின் சுவரை உரிக்கத் தேவையில்லை, அது கட்டியின் பகுதி அல்ல. ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் மூளையின் ரத்தக்குழாய்க் கட்டிகளைப் பற்றி 1928-லேயே ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார்கள். ஆகவே "புதுசா இருக்கு" என்ற பேச்சுக்கு வயது நூறை நெருங்குகிறது.

எட்ட முடியாத இடத்தில் சின்னதாக இருக்கும் திடமான கட்டிகளுக்குக் குறிபார்த்துப் பாய்ச்சும் கதிர்வீச்சு உதவும். நீர்ப்பை உள்ளவற்றுக்கு அது அவ்வளவாகப் பயன்படாது.

அதைவிட முக்கியமான ஒன்று. இந்தக் கட்டி வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது வான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற பரம்பரை நோயின் ஒரு கிளை. அந்த நோயில் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலும் கட்டி வரலாம். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், ரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறி ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போகக்கூடும். தலையில் கட்டி, ஆபத்தோ வயிற்றில்! முன்கூட்டியே ஒரு ரத்த அல்லது சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்தால் தெரிந்துவிடும். 'அபூர்வம்' என்று இதை விட்டுவிடலாமா?

காணாமல் போன 145 பேர்

ஒரு சின்னக் கணக்கு. வான் ஹிப்பல்-லிண்டாவ் நோய் சுமார் 36,000 பேரில் ஒருவருக்கு வரும் என்பது வெளிநாட்டு ஆய்வுகள் தரும் அளவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டம் 34,82,056 பேர், நாமக்கல் மாவட்டம் 17,26,601 பேர். சேர்த்தால் 52 லட்சத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த விகிதத்தை அப்படியே வைத்து வகுத்தால் வருவது ஏறக்குறைய 145 பேர்.

கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இருக்கட்டும், பாதி என்றே வைத்துக்கொள்வோம். அந்த எழுபது பேர் எங்கே? யாரிடமாவது பட்டியல் இருக்கிறதா? ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையிலோ, குமாரபாளையம் தறிப்பட்டறையிலோ, ராசிபுரத்துக் கோழிப்பண்ணையிலோ அவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கியிருக்கும், சர்க்கரை என்று நினைத்திருப்பார்கள். ஒருவருக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்திருக்கும், தனிக் கதையாக எழுதி முடித்திருப்பார்கள். ஒருவர் "தலைவலியிலேயே போய்ட்டார்". மூன்று பேரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளாக இருந்தாலும், மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று ஃபைல்.

ஜெர்மனியின் கண் மருத்துவர் ஓய்கன் வான் ஹிப்பல் 1904-இல் விழித்திரைக் கட்டியை விவரித்தார். ஸ்வீடனின் அர்விட் லிண்டாவ் 1926-இல் கண்ணில் வருவதும் சிறுமூளையில் வருவதும் ஒரே நோய் என்று முடிச்சுப் போட்டார். 1993-இல் மூன்றாவது குரோமோசோமில் அதற்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. உடம்பின் செல்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றால் "ரத்தக்குழாய் அனுப்பு, சிவப்பணு அனுப்பு" என்று கூப்பாடு போடும் ஒரு புரதம் இருக்கிறது. தேவை தீர்ந்ததும் அதை அடக்குவது இந்த மரபணுவின் வேலை. மரபணு பழுதானால் ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல் கூப்பாடு போட்டுக்கொண்டே இருக்கும். ரத்தக்குழாய்கள் குவியும், கட்டி வளரும். செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வித்தையைக் கண்டதற்குத்தான் கெய்லின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு. அந்த அறிவிலிருந்து பிறந்த பெல்சூடிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2021 ஆகஸ்டில் இந்த நோய்க்காக அனுமதி கொடுத்தது. அங்கே அதன் விலை மாதம் 20,000 டாலருக்கும் மேல்! தறிப்பட்டறைக்காரருக்கு அது நோபல் பரிசைவிடத் தூரம்.

ஆனால் மாத்திரை எட்டாவிட்டால் என்ன? எட்டுவது நிறைய இருக்கிறது. தாய் தந்தையில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே வருடாவருடம் விழித்திரைப் பரிசோதனை. சின்னதாக இருக்கும்போதே லேசர் வைத்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். பதினொரு வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ. பதினைந்து வயதிலிருந்து வயிற்றுக்கும். ஊர் ஊராகக் கல்யாண மண்டபத்தில் கண் முகாம் போடும் தேசத்தில், ஒரு குடும்பத்துக்கு வருடம் ஒருமுறை கண் பார்க்க முடியாதா?

"சொன்னால் பொண்ணு கொடுக்க மாட்டாங்க"

இங்கேதான் டாக்டர்களை மட்டும் குறை சொல்லி நகர்ந்துவிட முடியாது. பரம்பரை நோய் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் குடும்பம் கதவைச் சாத்திக்கொள்கிறது. ரிப்போர்ட் பீரோவுக்குள் போகிறது. "தங்கச்சிக்கு வரன் பார்த்துட்டிருக்கோம், இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க." ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள், தலைக்குள் இருப்பதைப் பார்க்க மறுக்கிறார்கள்.

அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. கல்யாணம் நின்றுபோகும் என்பது கிராமத்தில் நிஜமான நஷ்டம், அதுவும் பெண்ணுக்கு. ஆனால் ஒளித்து வைத்ததால் நோய் ஒளிந்துகொள்ளவில்லையே. கல்யாணம் முடிந்து, பிள்ளைப்பேற்றின்போது ரத்த அழுத்தம் எகிறி, அட்ரீனல் கட்டி அங்கே தன்னைக் காட்டிக்கொண்டால்? அப்போது யார் முகத்தை யார் பார்ப்பது?

இதில் ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். "சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்று பழிபோடுவது வழக்கம். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டுவதால் கூடும் நோய்கள் வேறு. வான் ஹிப்பல்-லிண்டாவ் ஒரே ஒரு பழுதான மரபணுப் பிரதியாலேயே வருவது. அசலில் கட்டினாலும் வரும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவே தோன்றும். கட்டிக்கொண்டு வந்த மருமகள் மேல் பழி போட அறிவியலில் இடமில்லை.

சந்தேகத்தைத் தீர்க்கும் மரபணுப் பரிசோதனையின் செலவு ஒரு பவுன் தங்கத்தின் விலையைவிடக் குறைவு. பிள்ளைக்கு அந்தப் பழுது இல்லை என்று தெரிந்தால், வாழ்நாள் முழுக்க ஸ்கேனும் பயமும் இல்லை. அதைச் சொல்லியே தைரியமாகக் கல்யாணம் பேசலாம். மறைப்பவர்கள் இழப்பது இந்த நல்ல செய்தியையும் சேர்த்துத்தான்.

அமெரிக்காவில் மெக்காய் என்ற பரம்பரை, ஹாட்ஃபீல்டு குடும்பத்தோடு தலைமுறைச் சண்டை போட்டதால் பிரபலமானது. அந்தப் பரம்பரையில் பலருக்கு இந்த நோய் இருப்பது 2007-இல் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவர்களே வெளியே வந்து பேசினார்கள். மானம் போகவில்லை, மருத்துவம் கிடைத்தது.

எதிர்வாதங்கள்

"ஓ.பி.யில் ஒரு நாளைக்கு நூறு தலைவலி வருகிறது. எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எழுத முடியுமா?" முடியாது, எழுதவும் கூடாது. பெரும்பாலான தலைவலி சாதாரணத் தலைவலிதான். கேட்பது ஸ்கேன் அல்ல, சோதனை. காலையில் எழுந்ததும் வலி, வாந்தி, தள்ளாட்டம், பார்வை மங்கல், புதிதாக வந்த வலிப்பு... இவற்றில் ஒன்று இருந்தால் நடக்க வைத்துப் பார், கண்ணைப் பார், குடும்பத்தைக் கேள். அதில் சந்தேகம் வந்தால் மட்டும் ஸ்கேன்.

"இதெல்லாம் வேலூர், சென்னையில் பார்க்க வேண்டியது. இங்கே எதற்கு?" பாதி நியாயம் இருக்கிறது. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்கள். இந்தக் கட்டியை அடிக்கடி எடுக்கும் கைகளிடம் போவதுதான் நல்லது. ஆனால் வேலூரில் ஆபரேஷன் நடக்க வேண்டுமானால் சந்தேகம் ராசிபுரத்தில் வர வேண்டும். சந்தேகமே வராதவருக்கு வேலூர் பஸ் எதற்கு? மேலும், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று வெறும் வாயால் சொல்வது பரிந்துரை ஆகாது. எந்தத் துறை, என்ன சந்தேகம், என்னென்ன பார்த்தாயிற்று என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதுதான் பரிந்துரை.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-இல் தொடங்கியது. பிரதமர் ஸ்வாஸ்திய சுரக்ஷா திட்டத்தின் முதல் கட்டத்தில் அதன் மருத்துவமனை தரம் உயர்த்தப்பட்டது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது. தேசிய நெடுஞ்சாலையில் அடிபட்ட தலைகளே நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவுகளின் மேஜையை நிரப்புகின்றன என்பதும் உண்மை. அந்த உயிர்களும் பெரியவைதான். அதற்காக, மெதுவாகச் சாகிறவர்கள் வரிசையில் கடைசியிலேயே நிற்க வேண்டுமா?

"அரசாங்கத்தின் பணம் எல்லாருக்கும் வரும் நோய்க்குப் போகட்டும்." போகட்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தருகிறது, மண்டையோட்டைத் திறக்கும் செலவு அதில் வருகிறது. ஒரு நோய், ஒரு பேக்கேஜ், ஒரு டிஸ்சார்ஜ் என்ற அமைப்பு அது. வாழ்நாள் நோய் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. வருடாவருடம் கண், ரத்தம், ஸ்கேன் என்று கண்காணிக்கும் செலவு, இரண்டு முறை மண்டையைத் திறக்கும் செலவைவிட அதிகமா? பார்வை போன ஒருவரின் குடும்ப வருமானத்தைக் கணக்கில் சேர்த்தால் விடை தெரியும்.

எண்ணாதது இல்லாதது

கடைசியாக ஒன்று. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 1981-இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. சென்னையும் ஆரம்ப மையங்களில் ஒன்று. நல்ல வேலை. ஆனால் புற்றுநோய்ப் பதிவேடு, பெயரே சொல்வதுபோல், புற்றுநோயைத்தான் எண்ணும். சாதுவான மூளைக் கட்டி அதில் வராது. அமெரிக்கா இந்த ஓட்டையை உணர்ந்து 2002-இல் சட்டம் போட்டு, 2004 முதல் சாதுவான மூளைக் கட்டிகளையும் எண்ணத் தொடங்கியது. காரணம் எளிமையானது: மண்டையோட்டுக்குள் சாதுவான கட்டியும் கொல்லும்.

எண்ணிக்கை இல்லாததால் நோய் அபூர்வமாகத் தெரிகிறது. அபூர்வம் என்பதால் யாரும் எண்ணுவதில்லை. செக்கைச் சுற்றும் மாடு போல இது இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல:

1. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தலைவலிக்கு மாத்திரை எழுதும் முன் நோயாளியை எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

2. சிறுமூளையில் நீர்ப்பை என்று ரிப்போர்ட் வந்தால் கான்ட்ராஸ்ட் ஏற்றிய எம்.ஆர்.ஐ. இல்லாமல் முடிவு கட்டாதீர்கள்.

3. ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா என்று உறுதியானவருக்குக் கண், வயிறு, தண்டுவடம், அட்ரீனல் எல்லாம் பாருங்கள். பார்த்த பிறகு, "உங்க அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

4. சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகள் இரண்டும் சேர்ந்து ஒரு பதிவேடு வைக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகம்கூடப் போதும், ஆரம்பத்துக்கு.

5. பத்திரிகைகள் அடுத்த 'சாதனை'ச் செய்தி போடும்போது, நோயாளி முதல் டாக்டரைப் பார்த்த தேதியையும் சேர்த்துப் போடட்டும்.

கடைசிக் கோரிக்கைக்குக் காசே செலவில்லை. ஆனால் அதைச் செய்தால்தான் பூங்கொத்து யாருக்குக் கொடுக்க வேண்டும், கேள்வி யாரைக் கேட்க வேண்டும் என்பது ஊருக்குத் தெரியும்.

அந்த லாரி டிரைவருக்கு ஒரு தம்பி இருப்பான். அவனுக்கும் காலையில் தலை வலிக்கத் தொடங்கியிருக்கலாம். அவனையாவது யாரேனும் ஒரே கோட்டில் நடக்கச் சொல்வார்களா?